ஏறிக்கொண்டே போன எண்ணெய்

2.6.2024, ஞாயிறு

நங்கையாள் ரங்காத்தாளுக்குக் கொழுந்தன் ஆத்தப்பன் எழுதுவது.

நமக்குள் பேச்சு நின்று போனாலும் நீல டிராக்டர் பொதுவாகத்தான் நிற்கிறது. அதனால் எழுத வேண்டியிருக்கிறது. என் நம்பரைப் போனிலிருந்து அழித்துவிட்டீர்கள் என்று மகள் தரணி சொன்னாள். செட்டில் தொங்கும் சாவி டப்பாவை இரண்டு வீட்டாரும் திறக்கிறோம். இதை அதற்குள் போடுகிறேன்.

நிலம் பாகம் பிரித்தபோது, டிராக்டரை வெட்டிப் பிரிக்க முடியாது, வாரம் மாற்றி வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணன்தான் சொன்னார். அவர் போன பிறகும் அப்படியே நடக்கிறது. டீசல் பேரலும் பொதுதான். ஆனால் இப்போது பேரல் காலியாகிற வேகம் சரியில்லை. நான் அருள்புரத்தில் நிட்டிங் மிசின்களோடு கிடக்கிறவன். என் வாரத்தில் வண்டி அதிகம் ஓடுவதில்லை. உங்கள் வாரம் முடிந்தால்தான் பேரல் அடியில் கிடக்கிறது. உழுத நிலத்துக்கும் தீர்ந்த டீசலுக்கும் பொருந்தவில்லை. யாருக்காவது டீசல் கொடுக்கிறீர்களா? கேட்கக் கூடாதுதான், கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. பழைய இரும்பு எடுப்பவர் ஒருவர் வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போனார். ஆவணியில் தரணி கல்யாணம். அதற்குமுன் இந்தத் தொல்லையை முடித்துவிடலாம் என்றிருக்கிறேன். ஆடி பிறந்ததும் வந்து எடுத்துக்கொள்வார்.

ஆத்தப்பன்


மாகாளியாத்தா துணை
9.6.2024, ஞாயித்துக்கெழம

கொழுந்தனாருக்கு ரங்காத்தா எழுதிக்கறதுங்க.

உங்க கடுதாசியப் படிச்சதுல இருந்து எனக்குச் சோறே எறங்குலீங்க. யாருக்காச்சும் டீசல் குடுக்கறனான்னு கேட்டிருக்கறீங்க. ஏனுங்க, நானென்ன பங்க்கா வெச்சு நடத்தறன்? உங்கண்ணன் போனதுக்கப்பறம் நானே ஸ்டீரிங்கப் புடிச்சு ஓட்டறனுங்க. என்ற காட்டையும் ஓட்டி, அக்கம்பக்கத்துக் காட்டுக்கும் அவங்க காசுல டீசல் ஊத்திக் கூலிக்கு ஓட்டித்தான் என்ற அடுப்பு எரியுது. அந்த வண்டி வகுத்துல இருந்து டீசல உருவி விக்கறதுக்கு, பெத்த தாய்ப்பால வித்தாலும் விப்பனுங்க.

நீங்க வண்டிய இரும்புக்குப் போடறன்னு சொன்னீங்களே, அதுக்குத்தான் இந்தக் கடுதாசி. சாமி, அவசரப்படாதீங்க. அந்த வண்டில ஆத்தா குடியிருக்கறா. நான் சும்மா சொல்லுலீங்க. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வண்டியக் கழுவிப் பொட்டு வெச்சு, அப்பறம் ஆயில் கம்பிய உருவித் தொடச்சுப் பாப்பேன். உங்கண்ணன் பழக்கி உட்டது. முன்னெல்லாம் ஒழவு ஓட்டுனா எண்ணெ எறங்கும், ஊத்தோணும். இப்பச் சித்தர மாசத்துல இருந்து ஒரு சொட்டு ஊத்துலீங்க. எறங்கறதுக்குப் பதுலா ஏறுது! கம்பில மேக்கோட்டத் தாண்டிப் போச்சு. நானே கண்ணக் கசக்கீட்டு மறுக்கா மறுக்கா உட்டுப் பாத்தனுங்க. பொங்கலு பொங்கற மாற ஏறுதுங்க.

இத எங்க பக்கத்துக் காட்டு மருதாளுகிட்டச் சொன்னனா, அவ ஊரெல்லாம் சொல்லிப்போட்டா. இப்பப் பொம்பளைங்க வந்து வண்டிக்குக் குங்குமம் வெச்சுட்டுப் போறாங்க. மருதா ஒரு கிண்ணம் கொண்டாந்து, "அக்கா, ஆத்தா குடுத்த எண்ணெ, என்ற முட்டிவலிக்கு ஒரு கரண்டி குடு"ன்னு வாங்கீட்டுப் போயிருக்கறா. இப்படி நெறையற வண்டியத் தூக்கிக் காயலாங்கடைக்குக் குடுத்தா நம்ம ரெண்டு குடும்பத்துக்கும் ஆகுமாங்க?

பேச்சு ஏன் நின்னுதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தை மாசம் கண்ணு தரணி நிச்சயத்தன்னைக்கு, நான் எடுத்த சீர்த்தட்ட உங்க மாமியா என்ற கையில இருந்து வாங்கி, "தாலியறுத்தவ முன்னால வரக்கூடாது"ன்னு சொன்னாங்க. அவங்க சொன்னது எனக்குப் பெருசில்லீங்க. வயசானவங்க. நீங்க பக்கத்துல நின்னுட்டு, மேல ஓடற ஃபேனப் பாத்துட்டு இருந்தீங்க. அதுதானுங்க.

ரங்காத்தா


16.6.2024, ஞாயிறு

நங்கையாளுக்கு,

எண்ணெய் தானாக ஏறாது. எந்தச் சாமியும் இன்ஜின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி எண்ணெய் ஊற்றுவதில்லை. வெள்ளிக்கிழமை பூசை பண்ணும்போது கைநிறைய ஊற்றிவிட்டு மறந்திருப்பீர்கள். அளவுக்கு மேல் எண்ணெய் இருந்தாலும் இன்ஜினுக்குக் கேடு. என் வாரத்தில் ஓட்டியபோது ஆயில் பிரஷர் முள் பாதிக்குக் கீழே கிடந்தது. இன்ஜின் தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஊர்ப் பெண்கள் குங்குமம் வைத்தால் பேரிங் சரியாகாது.

டீசல் பற்றிக் கேட்டதற்குக் கோபப்படுகிறீர்கள். அது எங்கே போகிறது என்பதற்குப் பதில் வரவில்லை.

நிச்சயத்தன்று நடந்ததை எழுதியிருக்கிறீர்கள். சபையில் மாமியாரை எதிர்த்துப் பேசினால் அது தரணியின் கல்யாணத்தில் வந்து விடியும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் போய்விட்டீர்கள்.

ஆடி முதல் வாரம் லாரி வரும்.

ஆத்தப்பன்


மாகாளியாத்தா துணை
23.6.2024, ஞாயித்துக்கெழம

கொழுந்தனாருக்கு,

மொதல்ல ஒரு சேதி. மழ வர்ற மாற இருக்கறதுனால, சோளக்காடு பாதில நிக்குதுன்னு நாளைக்கும் ஒரு நாளு வண்டிய நானே வெச்சுக்கறன். அதுக்கு ஈடா உங்களுக்கு ஒரு நாளு உட்டுத் தாறேன்.

இனிச் சொல்றத நல்லாக் கேளுங்க. நீங்க பண்ணுன வேல வெளிச்சத்துக்கு வந்துருச்சு.

மருதா புருசன் நேத்துப் பொழுதோட சண்டைக்கு வந்துட்டானுங்க. "ஏங்க்கா, என்ன எண்ணெயக் குடுத்தீங்க? இவ முட்டில தேச்சுட்டு அடுப்புப் பக்கத்துல உக்காந்திருக்கறா, ஊடெல்லாம் டீசல் நாத்தம். பத்திக்கிட்டா ஆரு பதில் சொல்றது?"ன்னான். நான் நம்புலீங்க. ஆத்தா குடுத்ததுல நாத்தமான்னு போயி ஆயில் கம்பிய உருவி மோந்து பாத்தேன். நாத்தம் அடிக்குதுங்க! வெரல்ல தொட்டா வளவளப்பே இல்ல, தண்ணியாட்ட ஓடுது.

உங்க கம்பெனில இருந்து வண்டி தொடைக்கன்னு போட்டு வெச்சிருக்கற வெள்ளப் பனியன் வேஸ்ட் மூட்டையில இருந்து ஒரு துண்டு எடுத்து, அதுல ஒரு சொட்டு உட்டு வெச்சேன். நடுவுல கருப்பா நின்னுருச்சு. அதச் சுத்தி மஞ்சக் கலர்ல ஒரு ஈரம் வளையமாப் போய்ட்டே இருந்துச்சு. பலகாரஞ் சுட்ட எண்ணெயும் நல்லெண்ணெயும் கலந்து விக்கறவன ஒரு சொட்டுலயே கண்டுபுடிக்கறவ நான். இது கலப்படம். அந்தத் துணிய இதுகூட மடிச்சு வெச்சிருக்கறன், நீங்களே பாருங்க.

உங்க நிட்டிங் மிசின்ல ஊத்தற ஊசி எண்ணெ தண்ணியாட்ட இருக்குமுன்னு எனக்குத் தெரியாதாக்கும்? ஓடி முடிஞ்ச மிசின் எண்ணெயில டீசலக் கலந்து, உங்க வாரத்துல வண்டிக்குள்ள ஊத்தியிருக்கறீங்க. இஞ்சின் சாகோணும், இரும்புக்குப் போடறதுக்கு எவளும் குறுக்க வரக்கூடாது. அதுதானுங்களே எண்ணம்? பேரல்ல டீசல் காணம்னு பழிய என்ற மேல போட்டுட்டு, அதே டீசல உங்க கையால இதுக்குள்ள ஊத்திப்போட்டீங்க.

இல்லேன்னா வாங்க, மாகாளியாத்தா கோயல்ல கற்பூரத்த அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. நானும் பண்றேன். ஆரு பக்கம் நெசமோ ஆத்தா பாத்துக்கட்டும்.

ரங்காத்தா


24.6.2024, திங்கக்கெழம

இதுக்குத் தொணையும் போடுல, ஒண்ணும் போடுல.

நடுக்காட்டுல வந்து வண்டிக்கு முன்னால நின்னு, ஸ்டாப்பர் கம்பிய இழுத்து நிறுத்தீட்டு, சாவியப் புடுங்கீட்டுப் போறீங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்த? விதை போட வந்த பொம்பளைங்க அல்லாரும் வேடிக்க பாக்கறாங்க. "ஏனுங்க்கா, பேங்க்காரனா வந்துட்டுப் போறான்?"ன்னு ஒருத்தி கேக்கறா. என்ற கொழுந்தனார்னு சொல்றதுக்கே நாக்குக் கூசுச்சு.

அரைக்காடு ஒழுது அரைக்காடு கெடக்குது. மழ பேஞ்சுட்டா இந்தச் சோளம் அவ்வளவுதான். சந்தோசமா இருங்க.

ரங்காத்தா


25.6.2024, செவ்வாய்

நங்கையாளுக்கு,

அரைக்காட்டை இன்று காலை என் செலவில் வேறு டிராக்டர் விட்டு உழுதுவிட்டேன். நீங்கள் கோயிலுக்குப் போயிருந்தீர்கள். சோளம் விதைக்கலாம். இனி நான் எழுதுவதைக் கோபமில்லாமல் படியுங்கள்.

உங்கள் கடிதத்தைத் திங்கள் காலை செட்டில் நின்றே படித்தேன். என்னையே திருடன் என்று எழுதியிருந்ததால் முதலில் கசக்கி எறிந்தேன். அந்தப் பனியன் துணி கீழே விழுந்தது. கருப்பும், அதைச் சுற்றி மஞ்சள் வளையமும். எடுத்து மோந்து பார்த்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

எனக்குத் தெரிந்தது டீசல் குறைகிறது என்பது மட்டும். உங்களுக்குத் தெரிந்தது எண்ணெய் ஏறுகிறது என்பது மட்டும். என் பாதியை வைத்து உங்களைத் திருடி என்றேன். உங்கள் பாதியை வைத்து முதலில் அம்மன் என்றீர்கள், பிறகு என்னைச் சதிகாரன் என்றீர்கள். நாம் ஒரு தடவை நேரில் பேசியிருந்தால் சித்திரையிலேயே தெரிந்திருக்கும். பேரலில் காணாமல் போன டீசல்தான் ஆயில் கம்பியில் ஏறிக்கொண்டிருக்கிறது. யாரும் எடுக்கவில்லை, யாரும் ஊற்றவில்லை. இன்ஜினே உள்ளுக்குள் குடிக்கிறது.

பல்லடத்து மெக்கானிக் தங்கராஜுக்குப் போன் போட்டேன். "உடனே நிறுத்துங்க, டீசல் கலந்த எண்ணெய்க்கு வழுவழுப்பு இருக்காது, பேரிங்கைத் தின்றுவிடும். இன்னும் ஏறினால் எண்ணெயையே எரித்துக்கொண்டு இன்ஜின் வெறிபிடித்து ஓடும், ஸ்டாப்பர் இழுத்தாலும் நிற்காது" என்றார். நீங்கள் அதன்மேல் உட்கார்ந்திருந்தீர்கள். அதனால்தான் ஓடி வந்தேன்.

ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். வரப்பில் ஓடி வரும்போது "நங்கையா, எறங்குங்க" என்று சொல்லத்தான் வந்தேன். கிட்டே வந்ததும் வாய் வரவில்லை. தையிலிருந்து மூடியிருந்த வாய். கைதான் முதலில் போனது.

மூன்று இடத்தில் கசியலாம் என்கிறார் தங்கராஜ். டேங்க்கிலிருந்து டீசலை இழுத்துத் தள்ளும் சின்ன ஃபீடு பம்ப், அதன் உள்ளே இருக்கும் ரப்பர்த் தகடு கிழிந்திருக்கலாம். அல்லது பெரிய டீசல் பம்பின் சீல். அல்லது டீசலைப் பீய்ச்சும் நாசில். லேசானதை முதலில் பார்க்கச் சொன்னார். ஃபீடு பம்பைக் கழற்றி, அதன் குழாயை டீசல் கேனில் விட்டு, அதன் கைப்பிடியைக் கைப்பம்பு அடிப்பதுபோல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அடிப்பக்கம் ஈரம் வந்தால் அதுதான் குற்றவாளி. அவர் ஆடிவரை வேறு வேலையில் இருக்கிறார். நானே கழற்றிவிடுவேன். ஆனால் ஒருவர் அடிக்க வேண்டும், ஒருவர் அடியில் துணி பிடித்துப் பார்க்க வேண்டும்.

கற்பூரம் வேண்டாம். பனியன் துணி போதும். ஞாயிறு காலை வருவீர்களா?

ஆத்தப்பன்


மாகாளியாத்தா துணை
28.6.2024, வெள்ளிக்கெழம

கொழுந்தனாருக்கு,

உங்க கடுதாசிய மூணு தரம் படிச்சனுங்க. மொதத் தரம் கோவமா இருந்துச்சு. ரெண்டாந் தரம் சிரிப்பு வந்துச்சு. மூணாந் தரம் ஆத்தாளக் கையெடுத்துக் கும்புட்டனுங்க. அந்த ஆட்டம் ஆடற வண்டில உக்காந்து, "ஆத்தா, இன்னும் ஏத்து, இன்னும் ஏத்து"ன்னு நானே வேண்டிட்டு இருந்திருக்கறன் பாருங்க. அவளுக்குத் தெரியாதா இது டீசலுன்னு? மருதா முட்டில நாத்தத்த வரவெச்சுக் காட்டிக் குடுத்தவளே அவதான். நீங்க சிரிச்சாலும் சரி, நான் அப்படித்தான் சொல்லுவேன்.

மருதா சிரிச்சு மாளுலீங்க. "அக்கா, வலி போகுல, ஆனா முட்டி துருப்புடிக்காது"ங்கறா. குங்குமம் வெச்ச பொம்பளைங்க எல்லாம் என்னைய வழில பாத்தா வாயப் பொத்தீட்டுப் போறாங்க. போகட்டும்.

ஞாயித்துக்கெழம வர்றேன். ஆனா ஒரு சட்டம். பேசோணும்னு கட்டாயம் இல்லீங்க. நீங்க கைப்புடிய அடிங்க, நான் துணியப் புடிக்கறன். மொதல்ல வாயத் தொறக்கறது நானா இருக்க மாட்டேன். அத மட்டும் எதிர்பாக்காதீங்க. உழுது குடுத்ததுக்குச் சந்தோசம். சோளம் போட்டாச்சு. மழயும் பேஞ்சுது.

ரங்காத்தா


7.7.2024, ஞாயிறு

நங்கையாளுக்கு,

புது ரப்பர்த் தகடு போட்டாகிவிட்டது. பழைய எண்ணெயைக் கீழே வடித்துவிட்டு, ஃபில்டர் மாற்றி, புது எண்ணெய் கம்பியின் மேல்கோடுவரை ஊற்றியிருக்கிறேன். பிரஷர் முள் பழையபடி நிமிர்ந்து நிற்கிறது. வண்டி கழற்றிக் கிடந்ததில் உங்கள் வாரம் போய்விட்டது, அதனால் நாளையிலிருந்து உங்கள் வாரமே. சாவி டப்பாவில் இருக்கிறது.

போன ஞாயிறு நான் கைப்பிடியைக் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு, துணி காய்ந்தே இருக்கிறது, இது இல்லை, பெரிய பம்ப்தான், வண்டி இரும்புக்குத்தான் என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டேன். நீங்கள் துணியை எடுக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். சரி என்று மறுபடி அடித்தேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தபோதுதான், "போதுமுங்க, நிறுத்துங்க, நனஞ்சுருச்சு" என்றீர்கள். முதலில் பேச மாட்டேன் என்று எழுதியவர் நீங்கள். நான் அதைக் கணக்கில் வைக்கவில்லை. வேலைக்காகச் சொன்னது.

முதலில் பேச வேண்டியவன் நான். பேசிவிட்டேன், உங்களிடம் இல்லை, பேச வேண்டிய இடத்தில். நேற்று மாமனார் வீட்டில் கல்யாணச் சீர் பற்றிப் பேச எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தட்டு வரிசையில் முதல் தட்டு யார் எடுப்பது என்று பேச்சு வந்தது. அங்கேயும் மேலே ஃபேன் ஓடியது. நான் அதைப் பார்க்கவில்லை. "என் அண்ணன் பெண்டாட்டி எடுப்பார்" என்றேன். மாமியார், "ஏனுங் மாப்பிள்ளை, அமங்கலி" என்று ஆரம்பித்தார். "தரணிக்குப் பால் சோறு ஊட்டின கை அது. அந்தக் கை முன்னால் வராமல் என் பெண் மணவறைக்கு வரமாட்டாள், நானும் வரமாட்டேன்" என்றேன். மாமியார் மாமனார் பக்கம் திரும்பினார். பிறகு மாமனார், "சரி, அடுத்த தட்டு யாருன்னு பாருங்க" என்றார். அவ்வளவுதான். தையிலேயே இவ்வளவு லேசாக முடிந்திருக்கும்.

இரும்புக்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் தங்கராஜ் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார். ஃபீடு பம்போடு பெரிய பம்பும் கசிந்தால் மறுபடி ஏறும். அப்படி ஏறினால் நம் சக்திக்கு மீறியது. ஆகவே வெள்ளிக்கிழமை கம்பியைப் பார்த்துச் சொல்லுங்கள். வண்டி இருக்குமா போகுமா என்பது அந்தக் கம்பியில்தான் இருக்கிறது. பூசை பண்ணிவிட்டே பாருங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆத்தப்பன்


மாகாளியாத்தா துணை
12.7.2024, வெள்ளிக்கெழம

கொழுந்தனாருக்கு ரங்காத்தா எழுதிக்கறது.

ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுக்க முடியாம இன்னைக்கே எழுதி வெக்கறனுங்க. வாரம் பூராத்துக்கும் வண்டிய உட்டு வாங்கியிருக்கறன். சாமளாபுரத்துப் பக்கம் தென்னந்தோப்பு ஒண்ணு, மருதா காடு, எல்லாம் ஓட்டியாச்சு. வேணும்னே கனமா ஓட்டுனனுங்க. சாகறதுன்னா என்ற வாரத்துலயே சாகட்டும்னு.

வெள்ளென எந்திரிச்சுக் குளிச்சு, வண்டியக் கழுவிப் பொட்டு வெச்சேன். ஆயில் கம்பியில கை வெக்கறதுக்கு முன்னால கண்ண மூடீட்டு நின்னேன். இத்தன நாளும், "ஆத்தா, ஏத்திக் குடு"ன்னு கேட்டவ, இன்னைக்கு, "ஆத்தா, ஒண்ணும் பண்ணாத, சும்மா இரு"ன்னு வேண்டுனனுங்க. அவ சிரிச்சிருப்பா. உருவித் தொடச்சு மறுக்கா உட்டு எடுத்தேன்.

மேக்கோட்டுலயே நிக்குதுங்க. ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. வெள்ளத் துணில ஒரு சொட்டு உட்டேன். கருப்புத்தான், ஆனா சுத்தி மஞ்ச வளையம் இல்ல, ஒரே வட்டமா நின்னுருச்சு. மோந்து பாத்தேன். எண்ணெ வாசம்தான். செட்டுலயே உக்காந்து ஒரு பாட்டம் அழுதுபோட்டனுங்க. வண்டிக்காகன்னுதான் நெனச்சேன்.

தட்டு விசியம். நீங்க சபையில பேசுனதத் தரணி போன் போட்டுச் சொன்னா. "பெரியம்மா, அப்பா பாட்டி மூஞ்சிக்கு நேராப் பாத்துச் சொன்னாரு"ன்னா கண்ணு. எடுக்கறனுங்க. ஆனா ஒண்ணு, முன்னால நடந்து வர மாட்டேன். டிரெய்லர்ல சீர்த்தட்டையெல்லாம் வெச்சு, நீலவண்டிய நானே ஓட்டீட்டு மண்டபத்து வாசல்ல வந்து நிறுத்தறேன். உங்க மாமியாளுக்கு ஆசையிருந்தா மட்கார்டுல உக்காந்து வரச் சொல்லுங்க. புடிச்சுக்கறதுக்குக் கம்பி இருக்குது.

உங்க நம்பர மறுக்கா போன்ல ஏத்திப்போட்டேன். இனி அந்த டப்பாவுல சாவிய மட்டும் வையுங்க. சொல்ல வேண்டியது இருந்தா ஊட்டுக்கு வாங்க. காப்பித்தண்ணி வெக்கறதுக்கு எனக்கு என்ன டீசலா வேணும்?

ரங்காத்தா